தும்பறை மலையில் ஏலக்காடு

ஆனி, ஆடி மாதங்களிலே மட்டக்களப்புப் பகுதியில் கச்சான் காற்று எழுந்துவிட்டதென்றால், அதன் கொடுமையை அங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புல் கருகிப்போகும். கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழே இறங்கும். கொடியிலே போட்ட துணி அரைமணி நேரத்தில் விறைத்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் சோளகம் என்று வழங்கும் காற்றுக்கு இது உடன்பிறப்பு முறையானது. ஆயினும் தென்மேற்குக் கடலிலிருந்து புறப்பட்டபோது அது வறண்ட காற்றாக இருக்கவில்லை. நீரைச் சுமந்துகொண்டே கரையேறிற்று. அவ்வளவு நீரையும் அது எங்கே இறக்கி வைத்தது? இலங்கையின் நடுவிலே நிற்கும் மலைகளிடத்தில் இறக்கி வைத்தது. ஏறும்போது மழையைக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது வெப்பத்தை ஏற்றுக்கொண்டு வருவதே கச்சானின் கதை.

அம்மலைகளுள், வடகிழக்கு ஓரத்திலே, ஏனைய மலைநாட்டோடு ஒட்டாமல், மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கினாலே பிரிக்கப்பட்டுத் தனித்து நிற்கும் தொடர் ஒன்றுண்டு. சிங்கள மக்கள் அதனைத் தும்பறை மலைத்தொடர் என்பர். கண்டிப் பக்கத்திலிருந்து பார்த்த ஆங்கிலேயருக்கு அது மடக்கிய கையின் விரல்மொளிகளைப் போலத் தோன்றவே, நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். பின்னாளில் தேசப்படத்திலும் பாடநூல்களிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மொளி என்று சொல்லப்படும் சிகரத்தைவிட உயர்ந்தது கொம்பானிய என்னும் சிகரம். அதன் உயரம் 1,906 மீற்றர். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைச் சாரல் ஆகியவற்றோடு சேர்த்து இத்தொடரின் காடும் 2010ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இம்மலையைக் காணச் செல்வோருக்கு வழிகள் இரண்டு. ஒன்று மாத்தளையிலிருந்து இறத்தோட்டை ஊடாக றிவர்ஸ்டன் என்னும் கணவாயைக் கடந்து செல்வது. மற்றையது கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில் ஹுன்னஸ்கிரிய வரை சென்று, அங்கே திரும்பி, மீமுறை என்னும் மலைக்கிராமத்தை நோக்கிப் போவது. மழைக்கும் வெயிலுக்கும் உள்ள வேற்றுமையைக் காண விரும்புகின்றவன் முதல் வழியாற் போகவேண்டும். மலைக்கிராமத்து வாழ்வைக் காண விரும்புகின்றவனுக்கு இரண்டாவது வழியே உகந்தது. இரண்டையும் கண்டவனுக்கே இம்மலையின் வழக்கு விளங்கும். வழக்கு என்ற சொல்லை இங்கே எண்ணிப் பார்த்தே வழங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இக்காட்டுக்கும் அதன் அடியிலே வயல் செய்வோருக்கும் இடையிலே நெடுங்காலமாக ஒரு வழக்கு இருந்து வருகின்றது.

மாத்தளை தமிழருக்குப் புதிய ஊரன்று. அங்குள்ள முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசித் தேர்த்திருவிழாவை அறியாதவர் சிலரே. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையிலே இறங்கி, காடும் வெயிலும் கடந்து, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்து சேர்ந்தது மாத்தளைக்கே. வழியிலே நோயினாலும் பசியினாலும் மாண்டவர் பலர். பிழைத்து வந்தவர்களுள் ஒரு பகுதியினர் இத்தும்பறை மலையின் மேற்குச் சாரலுக்கும் தென்சாரலுக்கும் அனுப்பப்பட்டனர். காட்டை வெட்டிக் கோப்பி நட்டவை அவர்களுடைய கைகளே. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலையில் துருநோய் கண்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. இன்றும் இறத்தோட்டைக்கு மேலே வண்டி ஏறும்போது, வீதியின் இருமருங்கும் தேயிலையும் லயன்களும் கோயில் மணியும் தொடர்ந்து வருகின்றன. மேலே போகப் போகத் தேயிலை பின்தங்கும். மிளகு, கராம்பு, சாதிக்காய் ஆகியவை நின்ற வீட்டுத் தோட்டங்களும் மறைந்துபோகும். பிறகு காடுதான்.

மாத்தளையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவிலே றிவர்ஸ்டன் கணவாய் இருக்கிறது. உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவ்விடத்தில் நிமிர்ந்து நிற்பதே வீரச்செயல். குடையை விரித்தவர் குடையை மறந்துவிட வேண்டியதுதான். காற்றின் வன்மையினாலே அங்குள்ள மரங்கள் ஓங்கி வளரமாட்டா. ஆளுயரத்துக்குச் சற்று மேலே வந்ததும், தலையை ஒரே பக்கமாகச் சாய்த்து, முறுகி, முடிச்சு விழுந்து நின்றுவிடும். குள்ளக்காடு என்று இதனைச் சொல்லலாம். பார்வைக்குப் பற்றை போலத் தோன்றினாலும், அவற்றுள் அநேகம் முதிர்ந்த மரங்களே. கிளைதோறும் பாசி போர்த்தியிருக்கும். பாசியின்மேல் சீதளச் செடிகள் தொற்றியிருக்கும். மழை பெய்யாத நாளிலும் மூடுபனி வந்து இவ்விலைகளிலே படிந்து, துளியாகத் திரண்டு, சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழும். மழைமானியில் அகப்படாத இந்தத் தண்ணீரும் ஓடைகளுக்கு வரவுதான்.

கணவாயின் மேற்குப் பக்கத்திலே ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றர் வரையும் மழை பெய்யும் இடங்கள் உள்ளன. கிழக்குச் சாரலிலோ அது 2,500 மில்லிமீற்றருக்குக் குறைவு. எண்ணாகச் சொன்னால் இது மனத்திலே பதியாது. ஆடி மாதத்து நாளொன்றில், இப்பக்கத்து மழையிலே நனைந்து நடுங்கிக்கொண்டு கணவாயைக் கடந்தவன், சில வளைவுகள் கீழே இறங்கியதும் மேற்சட்டையைக் கழற்றித் தோளிலே போட்டுக்கொள்கிறான். முகில் கணவாயின் விளிம்புவரை வந்து, அப்பால் வர அஞ்சியதுபோல நின்று, கரைந்துவிடுகிறது. மட்டக்களப்பான் திட்டுகின்ற கச்சானின் பிறப்பிடம் இத்தகைய விளிம்புகளே.

இறங்கும் வழியிலே பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி வருகிறது. பெரியதோர் கற்பலகையின்மேல் விரற்கடையளவு மண் பரவி, அதன்மேல் புல் முளைத்திருக்கிறது என்றால் அதன் இயல்பு விளங்கும். மரம் வேரூன்ற மண் போதாது. மழைக்காலத்தில் பாறைக் குழிகளிலே நீர் தேங்கும். அந்த நனைந்த பாறைகளிலே ஒருவகைத் தவளை வாழ்கின்றது. அதன் உடம்பிலே சலவைக் கல்லின் கோலத்தைப் போன்ற புள்ளிகள் காணப்படும். இம்மலைத் தொடரிலன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. அவ்வாறே, மூக்கின் நுனியிலே சிறிய இலையொன்றை ஒட்டிவைத்தாற்போன்ற உறுப்பையுடைய ஓணான் ஒன்றும் இம்மலைக்கே உரியது. 1845 முதல் 1850 வரை இலங்கையிலே குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்தவரும், இத்தீவைப் பற்றி விரிவான நூலொன்றை 1859இல் வெளியிட்டவருமான எமேர்சன் ரெனன்ற் என்பாரின் பெயரை அறிவியலாளர் அதற்குச் சூட்டினர். இவ்வோணானை இங்கே குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பின்னர் வரும்.

இரண்டாவது வழி வேறுவிதமானது. கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வண்டி, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையை அணைந்து செல்கிறது. அந்நீரின் கீழே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கின்றது. 1980களிலே அணை கட்டப்பட்டபோது கடைவீதியும் வயல்களும் நீரில் மூழ்கின. தும்பறை மலையின் தென்மேற்குச் சரிவிலிருந்து இறங்கும் ஹுலு கங்கை அந்நீர்த்தேக்கத்தில்தான் விழுகின்றது. மலையின் மறுபுறத்திலும் இதே கதை நடந்தது. அங்கே களு கங்கையை மறித்து அணை கட்டியபோது, லக்கலைப் பகுதியின் பழைய பல்லேகம ஊர் 2010களின் பிற்பகுதியிலே இடம்பெயர்ந்து, புதிய நகரமாக வேறிடத்தில் எழுந்தது. இது இரத்தினபுரிப் பக்கத்துக் களு கங்கை அன்று. அம்பன் கங்கையோடு சேரும் சிற்றாறு. மின்னேரியா, கந்தளாய், பராக்கிரம சமுத்திரம் ஆகிய பெருங்குளங்களுக்கு நீரூட்டுவது அம்பன் கங்கை. ஆகவே கந்தளாயிலே வயல் விதைக்கும் கமக்காரனுக்கும் இம்மலைநாட்டுக்கும் உறவில்லையென்று சொல்லிவிட முடியாது. ஒரே மலையின் தண்ணீருக்காக இரு பக்கத்திலும் இரண்டு ஊர்கள் தம் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கின்றன.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுறைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். வீதி முதலில் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகவும், பிறகு நட்டுவளர்த்த பைன் மரங்களின் ஊடாகவும் செல்கிறது. பைன் மரத்தைப் பற்றிக் கிராமத்தவர் நல்ல வார்த்தை சொல்வதில்லை. அதன் அடியிலே புல் முளைக்காது, ஊற்றும் வற்றிப்போகும் என்பது அவர்களுடைய முறைப்பாடு. வெறுமையாய்க் கிடந்த சரிவுகளை விரைவிலே பசுமையாக்க வேண்டுமென்று நட்டவர்கள் கருதினர். பசுமை வந்ததென்னவோ உண்மை. ஆனால் பைன் நிழலிலே நடந்துவிட்டு உடனே இயற்கைக் காட்டின் நிழலுக்குட் புகுந்தவனுக்கு, இரண்டும் ஒன்றல்ல என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்னதிலே தன் காலடியோசை மட்டுமே கேட்கும். பின்னதிலே எல்லாப் பக்கமும் ஓசைதான்.

கோர்பெட் கணவாய் என்னும் இடத்தில் வீதி மலையின் தோளைக் கடக்கின்றது. அங்கே நின்று கீழே நோக்கினால், காடு சூழ்ந்த பெருங்கிண்ணம் ஒன்றின் அடியிலே, பச்சைப் பாயை மடித்து மடித்து வைத்தாற்போன்று வயல்கள் தெரிகின்றன. அவற்றுக்கு மேலே லக்கேகல என்னும் பாறைமலை, முக்கோணமாகச் செதுக்கியதுபோல் எழுந்து நிற்கிறது. இராவணனோடு தொடர்புபடுத்தி அம்மலையைப் பற்றிக் கதைகள் பல வழங்குகின்றன. அக்கதைகளை நம்புவதும் நம்பாததும் கேட்பவர் விருப்பம். காலைவெயில் அம்முகட்டைத் தொட்ட பிறகும், கீழேயுள்ள வயல்கள் நெடுநேரம் நிழலிலே கிடப்பதை மட்டும் யாரும் மறுக்கமுடியாது.

மீமுறையிலே சில நூறு பேரே வாழ்கின்றனர். ஊரைச் சூழ்ந்த ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி, மேலைப் படியிலுள்ள வயலுக்கு நீர் கொணர்ந்து, அது நிறைந்ததும் வரம்பின் வாயைத் திறந்து கீழைப் படிக்கு விடுகின்றனர். குளம் இல்லை. மதகு இல்லை. மேலேயுள்ள காடே குளம்; அதன் மண்ணும் பாசியும் சருகுமே மதகு. மழை ஓய்ந்து வாரங்கள் பல சென்ற பின்னும் ஓடை வற்றாதிருப்பது அதனாலேதான். இதனை இவ்வூரார் எந்த நூலிலும் கற்கவில்லை. மேற்காட்டிலே மரம் குறைந்தால் கீழ்வயலிலே நீர் குறையும் என்பது அவர்களுடைய கணக்கிலே முதற்பாடம்.

நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் ஒருவர் வயலிலே மற்றவர் கூலியின்றி வேலை செய்து, பிறகு அதே நாட்கணக்கைத் தம் வயலிலே திரும்பப் பெற்றுக்கொள்வது மலைக்கிராமங்களின் பழைய வழக்கம். சூடடிக்கும் களத்திலே அன்றாடப் பேச்சை விடுத்துத் தனிச்சொற்களை வழங்கும் மரபும் கண்டி நாட்டுக் கமக்காரரிடையே இருந்தது. மட்டக்களப்பிலே களவெட்டிக்கென்று தனிமொழி வைத்திருந்த நம் உழவர்க்கு இது வியப்பளிக்காது. மொழி வேறாயினும், களத்திலே நெல்லைக் குறைத்துப் பேசலாகாது என்ற அச்சம் இரு பக்கத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

வயலுக்கு மேலே, காட்டின் ஓரத்திலே சேனை. குரக்கனும் காய்கறிகளும் அங்கே விளைந்தன. பன்றியும் முள்ளம்பன்றியும் குரங்கும் இரவு பகலாக வரும். ஆகையினால் மரத்தின்மேற் பரண் கட்டிக் காவலிருக்க வேண்டும். கித்துள் மரமும் இவர்களுக்குப் பெருந்துணை. பனையை அறிந்த வடபகுதியார் கித்துளின் போக்கைக் கேட்டால் வியப்படைவர். பனை ஆண்டுதோறும் பாளை தள்ளும். கித்துளோ பல ஆண்டுகள் பூக்காமலே வளர்ந்து, முதலில் உச்சியிலே பூத்து, பிறகு படிப்படியாகக் கீழிறங்கிப் பூத்து, கடைசிப் பூவோடு தானும் மாண்டுபோகும். அப்பூவுக்கு உப்பு, சுண்ணாம்பு முதலியவற்றாலான மருந்திட்டுக் கட்டி, நாள்தோறும் இருமுறை சீவி, பதநீர் இறக்கிக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சினால் கருப்பட்டி. மீமுறைக் கித்துட் பாணிக்குக் கண்டிக் கடைகளிலே மதிப்பு உண்டு.

நெல் உண்பதற்கு, குரக்கனும் உண்பதற்கு, பாணி ஓரளவு விற்பதற்கு. ஆனால் கையிலே காசு காட்டியது ஏலமே.

ஏலச்செடி வெயிலைத் தாங்காது. குளிரும் ஈரமும் நிழலும் வேண்டும். உயர்ந்த காட்டு மரங்களின் கீழே அது தாயின் முந்தானைக்குள் ஒதுங்கிய பிள்ளைபோல வளரும். நட்டு மூன்றாம் ஆண்டளவில் பயன் தரத் தொடங்கும். காய் மேலே காய்ப்பதில்லை. செடியின் அடியிலிருந்து புறப்பட்டு, நிலத்தோடு படரும் தண்டுகளிலே காய்க்கும். எனவே பறிப்பவர் குனிந்த தலை நிமிர முடியாது. அட்டைகளுக்கும் அதுவே நல்ல வாய்ப்பு. பறித்த காயைக் காட்டுக்குள்ளேயே கட்டிய வாடியிலே உலர்த்துவர். கீழே நெருப்பு மூட்டி, சூட்டைத் தகரக் குழாயினால் உள்ளே செலுத்தி, மேலே தட்டுக்களிற் பரப்பிய காயை மெல்ல மெல்லக் காயவிட வேண்டும். சூடு மிஞ்சினால் காய் வெடித்து நிறமிழக்கும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நான்கைந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ அளவே தேறும். ஆயினும் உலகத்துச் சந்தையிலே குங்குமப்பூவுக்கும் வனிலாவுக்கும் அடுத்தபடியாக விலைபோகும் வாசனைப் பொருள் இது. ஒரு சாக்கு ஏலம் ஒரு வீட்டுக் கூரையாகும்; ஒரு மகளின் கல்யாணமாகும்.

ஆங்கிலேயர் காலத்திலேயே இம்மலையில் ஏலம் நடப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின்னர், அந்நியச் செலாவணி தேடித்தரும் பயிர் என்று கருதி, அரசே காட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அதனை ஊக்குவித்தது. குத்தகைக்காரர் எல்லாரும் கிராமத்தவர் அல்லர். நகரங்களிலிருந்து முதல் போட்டவர்களும் இருந்தனர். கிராமத்தவருள் சிலர் சொந்தமாகச் சிறு துண்டு வைத்திருந்தனர். வேறு சிலர் பிறருடைய ஏலக்காட்டிலே கூலிக்குச் சென்றனர். சிலருக்குப் பத்திரமே கிடையாது, தகப்பன் நட்டது என்ற உரிமை ஒன்றுதான்.

வெளியே நின்று பார்ப்பவனுக்கு ஏலக்காடு காடாகவே தோன்றும். உயர்ந்த மரங்கள் நிற்கின்றன, நிழல் இருக்கின்றது, ஓடை ஓடுகின்றது. பிறகு அழிவு எங்கே? குனிந்து பார்த்தால் தெரியும். ஏலத்துக்கு இடம் வேண்டுமென்று கீழ்ச்செடிகளையெல்லாம் வெட்டிவிடுகின்றனர். அந்தக் கீழ்ச்செடிகளுக்குள்ளேதான் நாளைய பெருமரங்களின் கன்றுகள் நின்றன. பாட்டன்மார் நிற்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இல்லை. நிழல் அதிகமென்று சில மரங்களும் கழிக்கப்படுகின்றன. வாடியின் அடுப்புக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான் வந்தது. ஒரு பெருமரம் காற்றிலே சாய்ந்தால் அதன் இடத்தை நிரப்ப மற்றொன்று இல்லை. சரிவின் மண்ணும் மழையோடு இறங்கும். இவ்வாறாகக் காடு சத்தமில்லாமல் முதுமையடைந்து போவதை அறிஞர் கண்டு எடுத்துரைத்தனர்.

மலைமுகடுகளைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் புதியதன்று. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுதல் வேண்டுமென்று கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹுக்கர் 1873இலேயே கூறியிருந்தார். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அரசின் நோக்கு மாறிற்று. 3,500 அடிக்கு மேற்பட்ட நிலம் காக்கப்படவேண்டியது என்று முடிவாயிற்று. 2000ஆம் ஆண்டிலே இக்காடு பாதுகாக்கப்பட்ட வனமாக வர்த்தமானியிலே பிரகடனப்படுத்தப்பட்டது. காட்டினுள் ஏலச் செய்கை சட்டவிரோதமாயிற்று.

இங்கேதான் வழக்கு எழுகின்றது. காட்டைக் காத்தது நியாயமே. அதனைக் காக்காவிட்டால் ஹுலு கங்கையும் களு கங்கையும் மணலாறாகும்; கீழேயுள்ள பெரும் நீர்த்தேக்கங்களிலே சேறு நிறையும்; மீமுறையின் வயலும் காயும். ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்னர் 'நடு' என்று சொன்ன அதே அரசு, அடுத்த தலைமுறையில் 'தொடாதே' என்று சொன்னது. முதல் போட்ட நகரத்தான் வேறு தொழிலுக்குப் போய்விட்டான். அவனுக்கு மாத்தளையிலும் கண்டியிலும் கடையுண்டு. கிராமத்தவனுக்கு அடுத்த தொழில் எது? குற்றம் என்று தெரிந்தும் இருளிலே சென்று தன் பழைய செடியிலேயே காய் பறித்து வந்தவர்கள் உண்டு. அவர்களைக் கள்வர் என்பதா? காவலரின் கணக்கிலே அவ்வாறுதான் எழுதவேண்டும், வேறு வழியில்லை. ஆயினும் தகப்பன் நட்ட செடியில் மகன் பறித்த காயைக் களவு என்று எழுதும்போது, எந்த எழுத்தாணியும் சற்றே தயங்கத்தான் செய்யும்.

விலக்கினால் காடு உடனே திரும்பி வந்துவிட்டதா என்றால், அதுவுமில்லை. ஏலம் பிடிவாதமான செடி. ஆண்டுகள் பல கைவிடப்பட்ட பின்னும் அது தன் இடத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அடர்ந்து நின்று காட்டுக் கன்றுகளை முளைக்க விடாது. பழைய வாடிகளின் கற்சுவர்கள் காட்டுக்குள்ளே பாசி படிந்து நிற்க, அவற்றைச் சூழ்ந்து யாரும் பறிக்காத ஏலம் காய்த்துக் கொட்டுகின்றது. முன்னர் சொன்ன இலைமூக்கு ஓணான் இவ்விடத்திலே நினைவுக்கு வரவேண்டும். அது இயற்கைக் காட்டிலே மட்டுமன்றி, ஏலக்காட்டின் நிழலிலும் வாழ்கின்றது. நிழலும் ஈரமும் இருக்குமிடம் அதற்குப் போதும். யாருடைய ஏட்டிலே அந்நிலம் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்பது ஓணானுக்குத் தெரியாது. இதனைக் கொண்டு ஏலம் தீங்கற்றது என்று வாதாடுதல் பிழை. ஓணான் ஒன்று பிழைத்தது கொண்டு காட்டு மரங்களின் கன்றுகள் பிழைத்தன என்று ஆகாது. ஆனால் காடு என்றால் மனிதன் கை படாதது, கை பட்டால் அது காடன்று என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவோர், இந்த மலையிலே சற்று நிதானித்தே பேசவேண்டியிருக்கும்.

இப்பொழுது மலைக்கு வரும் விருந்தினர் வேறு. விடுமுறை நாட்களிலே கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இளைஞர் கூட்டங்கூட்டமாக வருகின்றனர். மீமுறையிலே வீடுகளின் ஓர் அறை விருந்தினர் அறையாகிவிட்டது. ஓடைக்கரையிலே கூடாரங்கள் எழுகின்றன. சிவப்பரிசிச் சோறும் பலாக்காய்க் கறியும் குரக்கன் றொட்டியும் சமைத்துக் கொடுத்து, முன்னே ஏலத்தினால் வந்த காசை ஓரளவு ஈடு செய்கின்றனர். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. வீதியோரத்து வீட்டுக்காரருக்கு உண்டு, மேட்டிலுள்ளவர்களுக்குக் குறைவு. மிளகு நட்டவர்கள் சிலர். பிள்ளைகள் படித்து வெளியூர் வேலைக்குப் போய்விட, உழுவாரின்றிக் கிடக்கும் வயற்படிகளும் கண்ணிற் படுகின்றன. ஒரு படியின் வரம்பு உடைந்தால், அதன் கீழுள்ள படிகளுக்கும் நீரொழுங்கு கெடும். மலைவயலுக்கு இது தனித்துன்பம்; சமவெளியிலே ஒருவன் விட்ட வயல் அவனுடைய நட்டம் மட்டுமே.

வந்த விருந்தினர் எல்லாரும் ஒரே குணத்தவர் அல்லர். ஓடையிலே சவர்க்காரம் தேய்த்துக் குளித்து, பிளாஸ்ரிக் போத்தல்களைக் கரையிலே விட்டுச் செல்வோர் உண்டு. அதே நீர்தான் அரைமணி நேரத்தில் கீழ்வயலின் வாய்க்காலுக்குள் இறங்குகிறது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இரவு முழுவதும் பாட்டுப் பெட்டி அலறவிடுவோரும் உண்டு. பன்றிக்காவலுக்குப் பரணிலே இருக்கும் கிழவருக்கு அந்த ஓசை ஒருவகையில் உதவி என்று கேலியாகச் சொல்லலாம்.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். தை மாதப் பிற்பகுதி முதல் சித்திரை வரையுள்ள காலமே ஏற்றது. ஆனி முதல் ஆவணி வரை றிவர்ஸ்டனிலே காற்று. கார்த்திகை, மார்கழியிலே இரு வழியிலும் பெருமழை, மண்சரிவு அச்சமும் உண்டு. அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் எலுமிச்சம் புளியும் கைகண்ட மருந்து. காலுறையின்மேல் இவற்றைப் பூசிக்கொண்டால் பாதி அட்டைகளாவது பின்வாங்கும். பாதுகாக்கப்பட்ட வனத்துக்குட் செல்வதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். மூடுபனி இறங்கினால் ஐந்தடி தூரத்துப் பாதையும் மறைந்துவிடும். வழிதவறியவர்களைத் தேடிப் பொலிசாரும் ஊராரும் காடேறிய நாட்களும் உண்டு. ஆகையால் வழிகாட்டியின்றிச் சிகரங்களுக்கு ஏறலாகாது.

அவ்வழிகாட்டியை நகரத்திலிருந்து அழைத்துச் செல்வதை விட, கிராமத்திலேயே அமர்த்திக்கொள்வது நன்று. கூலி அவ்வூரிலேயே தங்கும். அவருள் வயதானவர்கள் பலர் ஒருகாலத்தில் ஏலத்திலே வேலை செய்தவர்களாயிருப்பர். வழியிலே ஓரிடத்தில் அவர் நின்று, காட்டுக்குள்ளே கையை நீட்டி, அங்கே ஒரு வாடி இருந்தது என்பார். பார்ப்பவன் கண்ணுக்கு இலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர் குனிந்து, நிலத்தோடு கிடந்த ஒரு தண்டைத் தூக்கி, காயொன்றைக் கிள்ளி, நகத்தினாலே பிளந்து முகர்ந்துவிட்டு, மறுபடி அதனை மண்ணிலேயே போட்டுவிட்டு நடப்பார்.